காசு கொடுத்து வாங்கிய ராணுவப் பதவி: விக்டோரியா காலப் படை அதிகாரி எம்.பி. ஆன கதை

பழைய பிரிட்டிஷ் ராணுவத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "அந்தக் காலத்தில் காசு இருந்தால் யார் வேண்டுமானாலும் ஜெனரல் ஆகலாம்." பக்கத்தில் இருப்பவர் தொடர்வார்: "அப்படி லஞ்சம் கொடுத்து அதிகாரி ஆனவர்கள்தான் ரிட்டயர் ஆனதும் எம்.பி. ஆனார்கள்."

இதில் உண்மையும் இருக்கிறது, தப்பும் கலந்திருக்கிறது. அதிகாரிப் பதவிக்குப் பணம் கட்டியது உண்மை. ஆனால் ஜெனரல் பதவி விலைக்கு வரவே இல்லை. காசு வைத்திருக்கிற யாரும் நேராகப் போய் வாங்கிவிடவும் முடியாது. கட்டிய பணம் லஞ்சமும் கிடையாது. ரிட்டயர் ஆன பிறகுதான் அரசியல் என்ற கணக்கும் எல்லோருக்கும் பொருந்தாது. பலர் படையிலும் பார்லிமென்டிலும் ஒரே நேரத்தில் இருந்தார்கள்.

இந்த முறை எப்படி நடந்தது என்று புரிந்துவிட்டால் அந்தக் காலத்து ஆங்கிலேய அரசியலில் பாதி புரிந்துவிடும். அதைப் புரிந்துகொள்ள ஒரே ஒருவருடைய வாழ்க்கையைப் பிடித்துக்கொண்டு போகலாம். அவர் பெயர் ராபர்ட் லிண்ட்சே. 1832-இல் பிறந்தவர், ரஷ்யாவை எதிர்த்து நடந்த கிரிமியப் போரில் வீரப்பதக்கம் பெற்றவர், 20 ஆண்டுகள் எம்.பி.யாக இருந்தவர். பிரிட்டனில் செஞ்சிலுவைச் சங்கத்தைத் தொடங்கி வைத்தவரும் அவர்தான்.

முதலில் ஒத்தி வீட்டுக்குப் போவோம்

நம் ஊரில் வீட்டை ஒத்திக்குப் பிடிப்பது எல்லோருக்கும் தெரியும். சில ஊரில் போக்கியம் என்பார்கள், சென்னையில் லீஸ் என்பார்கள். ஐந்து லட்சம் ரூபாயை வீட்டுக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருக்கிறீர்கள். காலி பண்ணும்போது அந்த ஐந்து லட்சம் அப்படியே கைக்கு வந்துவிடும். உங்களுக்கு உண்மையில் ஆன செலவு அந்தப் பணத்துக்கு வந்திருக்கக்கூடிய வட்டிதான்.

லஞ்சம் அப்படி இல்லை. வேலை போட்டுக் கொடுப்பவருக்கு மறைவாகப் போகிறது, திரும்பி வராது, ரசீதும் கிடையாது.

பிரிட்டிஷ் படையில் நடந்தது ஏறக்குறைய ஒத்தி. பதவியைவிட்டுப் போகிற அதிகாரிக்கு, அந்த இடத்துக்கு வருகிறவர் ஒரு தொகை கொடுப்பார். எந்தப் பதவிக்கு எவ்வளவு என்று அரசே விலைப்பட்டியல் போட்டிருந்தது. வாங்கியவர் படையைவிட்டுப் போகும்போது தனக்குப் பின்னால் வருகிறவரிடம் அந்தத் தொகையை வாங்கிக்கொள்வார். இதற்குப் பர்ச்சேஸ் முறை என்று பெயர். விற்கப்பட்ட பொருளின் பெயர் கமிஷன். அதாவது, இன்னார் இந்தப் படையின் அதிகாரி என்று அரசரோ ராணியோ கொடுக்கும் நியமன ஆணை. நம் பேச்சில் கமிஷன் என்றால் தரகுப் பணம். இந்தக் குழப்பமே பாதித் தப்பெண்ணத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

ஒருவர் எழுந்தால் ஐந்து பேர் நகர்வார்கள்

சாதாரணக் காலாட்படை ரெஜிமென்டில் அரசு வைத்த விலை இது. ரெஜிமென்ட் என்றால் தனிப் பெயரும் கொடியும் உள்ள படைப்பிரிவு. கடைசிப் படியில் இருக்கும் இளம் அதிகாரி என்சைன், விலை 450 பவுண்டு. அதற்கு மேல் லெப்டினன்ட் 700, கேப்டன் 1,800, மேஜர் 3,200, லெப்டினன்ட் கர்னல் 4,500.

மேலே ஏறும்போது முழு விலையையும் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. வித்தியாசத்தைக் கட்டினால் போதும். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் இறங்கினால் பின்னால் இருப்பவர்கள் ஒவ்வொரு சீட்டாக முன்னால் நகர்வது போலத்தான். இப்போது கணக்கைப் பாருங்கள்.

ஒரு லெப்டினன்ட் கர்னல் வீட்டுக்குப் போக முடிவு செய்கிறார். அவருக்கு 4,500 பவுண்டு சேர வேண்டும். அவர் இடத்துக்கு ஏறும் மேஜர் 1,300 கொடுப்பார். மேஜர் இடத்துக்கு ஏறும் கேப்டன் 1,400. கேப்டன் இடத்துக்கு ஏறும் லெப்டினன்ட் 1,100. லெப்டினன்ட் இடத்துக்கு ஏறும் என்சைன் 250. கடைசியில் வெளியிலிருந்து புதிதாக வரும் பையன் 450. எல்லாவற்றையும் கூட்டுங்கள்: சரியாக 4,500. போகிறவர் கைக்கு முழுப் பணமும் வந்துவிட்டது, கீழே உள்ள அத்தனை பேரும் ஒரு படி ஏறிவிட்டார்கள். அரசு கஜானாவிலிருந்து ஒரு பென்னிகூடப் போகவில்லை. அந்த அதிகாரிக்குப் பென்ஷனும் தர வேண்டாம். அரசு இந்த முறையை ஏன் இவ்வளவு காலம் விடாமல் வைத்திருந்தது என்பதற்கு இந்தக் கூட்டல் கணக்கே பாதி பதில்.

இதில் சில கட்டுப்பாடுகளும் உண்டு. காலியிடம் வந்தால் அடுத்த படியில் மூத்தவர் யாரோ அவருக்குத்தான் முதல் வாய்ப்பு. அவரால் பணம் கட்ட முடியாவிட்டால் அடுத்தவருக்குப் போகும். லெப்டினன்ட் கர்னலுக்கு மேலே பணம் செல்லாது. கர்னல், ஜெனரல் எல்லாம் பணிமூப்பிலும் நியமனத்திலும்தான். பீரங்கிப் படையிலும் பொறியாளர் படையிலும் பர்ச்சேஸ் கிடையவே கிடையாது. கணக்குத் தெரியாதவன் கையில் பீரங்கியைக் கொடுக்க முடியாது என்பதால் அங்கே போக வேண்டியவர்கள் வூலிச் பயிற்சிக் கல்லூரியில் படித்துத் தேற வேண்டியிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையைத் தலைமையிடமாக வைத்து நடத்திய மதராஸ் ராணுவத்திலும் விலைப்பட்டியல் இல்லை. அங்கே பணிமூப்புதான். நம் ஊர்க் கோட்டைகளில் இருந்த கம்பெனி அதிகாரிகளை "காசு கொடுத்து வந்தவர்கள்" என்று சொல்வதும் அதனால் தப்பு.

இன்னொரு முக்கியமான விதி: போரில் செத்தாலோ, குற்றத்துக்காக நீக்கப்பட்டாலோ பொதுவாகப் பணம் போச்சு. அந்த இடம் அடுத்த மூத்தவருக்குப் பணமில்லாமல் போகும். எனவே அந்தத் தொகை ஒருவகை ஜாமீன் பணமாகவும் இருந்தது. ஒழுங்காக நடந்துகொண்டு உயிரோடு வெளியே வந்தால்தான் முதல் திரும்பும்.

இதுவரை பார்த்ததை ஒரு மூச்சில் சொன்னால்: பணம் கீழேயிருந்து மேலே போகிறது, வெளியேறும்போது கைக்கு வருகிறது. ஐந்தே படிகளுக்குத்தான் விலை, அதுவும் காலாட்படை, குதிரைப்படைகளில் மட்டும்.

கணக்கில் வராத பணம்

விலைப்பட்டியலோடு நின்றிருந்தால் ஒருவேளை இந்த முறைக்கு இவ்வளவு கெட்ட பெயர் வந்திருக்காது. நல்ல பெயருள்ள ரெஜிமென்டில் இடம் கேட்டுப் பலர் நின்றார்கள். அதனால் அரசு விலைக்கு மேலே தனியாக ஒரு தொகை கைமாறியது. நிலம் வாங்கும்போது வழிகாட்டி மதிப்பு ஒன்று, உண்மையில் கொடுக்கும் பணம் வேறொன்று என்று இருக்கிறதே, அதே கதைதான். இப்படிக் கூடுதலாக வாங்குவது 1809-லேயே சட்டப்படி குற்றமாக்கப்பட்டது. ஆனாலும் எல்லோரும் கொடுத்தார்கள், எல்லோரும் வாங்கினார்கள். 1870-இல் விசாரித்த அரச ஆணையம் இது வழக்கமாகவே ஆகிவிட்டது என்று கண்டது.

கார்டிகன் பிரபுவை எடுத்துக்கொள்ளுங்கள். கிரிமியப் போரின்போது பாலக்லாவாவில் 1854-இல் ரஷ்யப் பீரங்கிகளுக்கு நேராக இலகு குதிரைப்படையை நடத்திக்கொண்டு போனவர். குதிரைப்படை லெப்டினன்ட் கர்னல் பதவிக்கு அரசு விலை 6,175 பவுண்டு. 1832-இல் ஹுசார் எனப்படும் ஓர் இலகு குதிரைப்படை ரெஜிமென்டைப் பிடிக்க இவர் 35,000 பவுண்டுக்கு மேல் கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. அப்போது இவர் எம்.பி.யும்கூட.

யார் வேகமாக ஏறினார், யார் தேங்கினார்

பணம் இருந்தவருக்கும் இல்லாதவருக்கும் இருந்த தூரத்தை இரண்டு பேர் வழியாகச் சொல்லலாம். இருவருமே இந்தியாவில் போரிட்டவர்கள்.

ஆர்தர் வெல்லஸ்லி 1787-இல் என்சைன் ஆனார். 1793-இல், 24 வயதில், லெப்டினன்ட் கர்னல். ஆறே ஆண்டுகளில் ஐந்து படியும் முடிந்துவிட்டது. அண்ணனிடம் வாங்கிய பணமும் அதற்கு உதவியது. 1798-இல் சென்னைக்கு வந்தார், அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிரான போரில் இருந்தார். இவர்தான் பின்னாளில் வெலிங்டன் கோமகன், நெப்போலியனை வென்றவர், 1828-இல் பிரதமர்.

ஹென்றி ஹேவ்லாக் 1815-இல் படைக்கு வந்தார். கேப்டன் ஆனது 1838-இல். 23 ஆண்டுகள்! திறமையில் குறைவா என்றால் இல்லை. 1857-இல் லக்னோவை நோக்கிப் படை நடத்திப் பெயர் வாங்கியவர். அந்தமானில் ஹேவ்லாக் தீவு என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தது இவர் பெயரைத்தான். கையில் பணம் இல்லை, அதனால் இளையவர்கள் தலைக்கு மேலே தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் மகனும் படை அதிகாரிதான், பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப்பதக்கமான விக்டோரியா கிராஸ் பெற்றவர், பிறகு எம்.பி.யும் ஆனார்.

இந்த முறையை ஆதரித்தவர்கள் எப்போதும் வெலிங்டனைக் காட்டுவார்கள்: பணத்தால்தானே இளம் வயதிலேயே அப்படி ஒரு தளபதி கிடைத்தார் என்பார்கள். எனக்கு ஹேவ்லாக்கின் 23 ஆண்டுகள்தான் நினைவுக்கு வரும். அவரைப் போலப் பெயர்கூடத் தெரியாமல் எத்தனை பேர் லெப்டினன்ட்டாகவே கிழவர் ஆனார்களோ.

ஆல்மா நதிக்கரையில் ஒரு கொடி

இனி லிண்ட்சேயிடம் வருவோம். தந்தை படைத் தளபதி. மகன் 1850-இல் 18 வயதில் ஸ்காட்ஸ் பியூசிலியர் கார்ட்ஸ் படையில் சேர்ந்தார். கார்ட்ஸ் என்பவை ராணியின் மெய்க்காவல் படைகள்; விலையும் அதற்கேற்ப அதிகம். காலாட்படையில் 450 பவுண்டுக்குக் கிடைக்கும் என்சைன் பதவிக்கு இங்கே 1,200, லெப்டினன்ட் கர்னலுக்கு 9,000.

கார்ட்ஸில் இன்னொரு சலுகையும் இருந்தது. அங்கே இருக்கும் லெப்டினன்ட், ராணுவம் முழுவதுக்கும் கேப்டனாகக் கணக்கிடப்படுவார். அங்கே கேப்டன் என்றால் வெளியே லெப்டினன்ட் கர்னல். இதை இரட்டைத் தரம் என்று சொல்லலாம். லிண்ட்சே 27 வயதில் லெப்டினன்ட் கர்னலாக வெளியே வந்தார் என்று படிக்கும்போது ஒரு படையையே அவர் நடத்தினார் என்று நினைத்துவிடக் கூடாது.

1854 செப்டம்பர் 20. கிரிமியாவில் ஆல்மா நதி. மேட்டில் ரஷ்யர்கள், கீழேயிருந்து பிரிட்டிஷ் படை ஏறுகிறது. முன்னால் போன பிரிவு அடிபட்டுப் பின்வாங்கி ஓடி வந்தபோது, பின்னால் ஏறிக்கொண்டிருந்த லிண்ட்சேயின் அணிமேல் மோதி அதைக் குலைத்துவிட்டது. 22 வயது லிண்ட்சே ராணியின் கொடியைப் பிடித்திருந்தார். கொடிக்காரன் நிற்கும் இடம்தான் அணி திரும்பக் கூடும் இடம். அவன் ஓடினால் எல்லாம் ஓடும். அவர் நின்றார். அவரைச் சுற்றிச் சிலர் நின்றார்கள். அணி மறுபடி சேர்ந்தது. நவம்பரில் இங்கர்மன் போரிலும் சிலரை மட்டும் கூட்டிக்கொண்டு ரஷ்யர்கள்மேல் பாய்ந்தார். இந்த இரண்டுக்கும் விக்டோரியா கிராஸ் கிடைத்தது.

"காசு கொடுத்து வந்தவன் கோழை" என்ற எண்ணம் இங்கே அடிபட்டுப் போகிறது. ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். அன்று அதே கொடியைச் சுற்றி அணியைத் திரட்டியவர்களில் ஜான் நாக்ஸ் என்ற சார்ஜென்ட் ஒருவர். கிளாஸ்கோ பையன், 14 வயதில் படையில் சேர்ந்தவர். பணம் கட்டி அதிகாரி ஆவதை அவர் கனவில்கூட நினைத்திருக்க முடியாது. ஆல்மாவில் காட்டிய துணிவுக்காக 1855-இல் பணமில்லாமலே அவருக்கு ரைபிள் பிரிகேடில் அதிகாரிப் பதவி கொடுத்தார்கள். அதே ஆண்டு ஜூனில் ரஷ்யர்களின் செவஸ்தபோல் கோட்டைத் தாக்குதலில் ஏணி தூக்கிப் போகும் குழுவுக்குத் தானாக முன்வந்து, இடது கையை இழந்தார். அவருக்கும் அதே விக்டோரியா கிராஸ். 1856-இல் உண்டாக்கிய அந்தப் பதக்கத்துக்குத் தரமும் குடும்பமும் பார்ப்பதில்லை என்பதே விதி. பதக்கத்துக்கு இருந்த அந்த நியாயம் பதவிக்கு வர இன்னும் 15 ஆண்டுகள் பிடித்தன.

படையிலிருந்து பார்லிமென்டுக்கு

1858-இல் லிண்ட்சே, ஓவர்ஸ்டோன் பிரபுவின் ஒரே வாரிசான ஹாரியட்டை மணந்தார். ஓவர்ஸ்டோன் வங்கிக்காரர், பிரிட்டனின் மிகப் பெரிய பணக்காரர்களில் ஒருவர். லாய்டு என்ற அவர் குடும்பப் பெயரையும் சேர்த்துக்கொண்டு மாப்பிள்ளை லாய்டு-லிண்ட்சே ஆனார். பெர்க்‌ஷயரில் லாக்கிஞ்ச் பண்ணையும் மாளிகையும் அவர்களுக்கு வந்தன. அடுத்த ஆண்டே படையைவிட்டு விலகினார். 1865-இல் பெர்க்‌ஷயர் தொகுதியின் கன்சர்வேடிவ் எம்.பி.

இங்கே இன்றைய அரசியலை மனதிலிருந்து கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். அன்று எம்.பி.க்குச் சம்பளம் கிடையாது. 1911 வரை அப்படித்தான். தேர்தல் செலவும் தன் கையிலிருந்துதான். ஓட்டும் 1872 வரை ரகசியம் இல்லை. குத்தகைக்காரன் யாருக்கு ஓட்டுப் போடுகிறான் என்று நிலக்காரர் பார்த்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால் யாரால் எம்.பி. ஆக முடியும்? நிலமும் வருமானமும் உள்ள குடும்பத்தாரால். யாரால் அதிகாரிப் பதவியை வாங்க முடியும்? அதே குடும்பத்தாரால். ராணுவமும் பார்லிமென்டும் ஒரே வீட்டின் இரண்டு அறைகள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவது தொழில் மாற்றமாகவே அவர்களுக்குப் படவில்லை. ஆல்மாவில் ஒரு டிவிஷனை நடத்திய ஜார்ஜ் டி லேசி எவன்ஸ், அன்று வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியின் எம்.பி.யாகவும் இருந்தவர். அவர் பர்ச்சேஸ் முறையைக் கடுமையாக எதிர்த்தவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதிகாரிகள் எல்லோரும் ஒரே கட்சி இல்லை.

இது தற்செயலாக அமைந்ததும் இல்லை. 1655-இல், அரசரை வீழ்த்தி ஆட்சியைப் பிடித்த படைத் தலைவர் குரோம்வெல் இங்கிலாந்தைப் பிரித்துத் தன் மேஜர் ஜெனரல்களிடம் ஆளக் கொடுத்தார். ராணுவம் நாட்டை ஆண்ட அந்த நினைவு ஆங்கிலேய நிலக்காரர்களைத் தலைமுறை தலைமுறையாக விடவில்லை. சம்பளத்தை மட்டும் நம்பி இருக்கும் அதிகாரி எவன் பின்னாலும் போவான், நாட்டில் சொத்து வைத்திருப்பவன் அந்த நாட்டைக் கவிழ்க்க மாட்டான் என்பது அவர்கள் வாதம். பதவிக்கு விலை வைத்தால் சொத்துள்ளவன்தான் வருவான். பர்ச்சேஸ் முறைக்குப் பின்னால் இருந்த அரசியல் காரணம் இதுதான்.

சுருக்கமாக: மேலே பார்த்த கூட்டல் கணக்கு அரசுக்குப் பென்ஷன் செலவை மிச்சப்படுத்தியது. இந்த அரசியல் காரணம் ஆளும் குடும்பங்களின் கையில் படையை வைத்தது. அதனால்தான் அவர்கள் பார்லிமென்டில் அதை விடாமல் காத்தார்கள்.

1871: சண்டை சபைக்கு வந்தது

1870 ஜூலையில் பிரான்சுக்கும், ஜெர்மானிய அரசுகளில் பெரியதான பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. கிரிமியாவில் காயம்பட்டவர்கள் கவனிப்பார் இல்லாமல் கிடந்ததை நேரில் பார்த்த லாய்டு-லிண்ட்சே, டைம்ஸ் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார்: போரில் காயம்பட்டோருக்கு உதவ நமக்கும் ஒரு தேசியச் சங்கம் வேண்டும் என்று. ஆகஸ்ட் 4-ஆம் தேதி லண்டனில் கூட்டம் கூடியது, சங்கம் பிறந்தது. ஏறத்தாழ 3 லட்சம் பவுண்டு சேர்ந்தது. அக்டோபரில் அவரே கிளம்பிப் போய், வெர்சாயில் இருந்த பிரஷ்யர்களிடம் 20,000 பவுண்டும், அவர்கள் முற்றுகையிட்டிருந்த பாரிசுக்குள் நுழைந்து பிரெஞ்சுக்காரர்களிடம் 20,000 பவுண்டும் கொடுத்தார். காயம்பட்டவன் எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையிலேயே பெரிய காரியம் இதுதான்.

அந்தப் போரில் பிரஷ்யாவின் படித்த அதிகாரிகள் பிரான்சை நொறுக்கியதை லண்டன் பார்த்துக்கொண்டிருந்தது. பிரதமர் கிளாட்ஸ்டனின் அரசில் போர் அமைச்சராக இருந்த எட்வர்ட் கார்டுவெல், பர்ச்சேஸ் முறையை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். ஒத்திப் பணத்தைத் திருப்பிக் கொடுக்காமல் வீட்டைக் காலி செய்யச் சொல்ல முடியாதே, அதனால் அதிகாரிகள் போட்ட பணத்தை அரசு கொடுத்துவிடும், சட்டத்துக்கு மேலே கொடுத்த கூடுதல் தொகை உட்பட. செலவு பல மில்லியன் பவுண்டு.

1871 மார்ச்சில் மசோதா இரண்டாம் வாசிப்புக்கு, அதாவது அதன் அடிப்படைக் கொள்கையை விவாதிக்கும் கட்டத்துக்கு, வந்தபோது அதை எதிர்த்துத் திருத்தம் கொண்டுவந்தவர் நம் லாய்டு-லிண்ட்சே. நாட்டுப் பாதுகாப்புக்கே பணம் தேவைப்படும்போது, பர்ச்சேஸை ஒழிக்க மக்கள் பணத்தைச் செலவிடக் கூடாது என்பது அந்தத் திருத்தம். அவர் படையைவிட்டு 12 ஆண்டுகள் ஆகியிருந்தன, சொந்தப் பணத்தைக் காப்பாற்ற வந்தார் என்று சொல்ல முடியாது. அவர் வளர்ந்த உலகத்தின் நம்பிக்கை அது. எதிரிநாட்டுச் சிப்பாயின் காயத்தைப் பார்க்கத் தெரிந்த மனிதருக்குத் தன் பக்கத்தில் நின்ற நாக்ஸின் நிலை தெரியாமல் போனது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

திருத்தம் எடுபடவில்லை. ஆனால் சபையில் இருந்த படை அதிகாரிகள், "கர்னல்கள்" என்றே அவர்களுக்குப் பெயர், மணிக்கணக்காகப் பேசிப் பேசியே மசோதாவை இழுத்தடித்தார்கள். எப்படியோ கீழ்சபையைத் தாண்டியது, மேல்சபையான பிரபுக்கள் சபையில் மாட்டிக்கொண்டது. அப்போது கிளாட்ஸ்டன் வேறு வழி எடுத்தார். பதவி விற்பனை நடந்ததே அரச ஆணையின் பேரில்தான். அந்த ஆணையை ராணி ரத்து செய்துவிட்டால் முடிந்தது. ஜூலையில் ராணி கையெழுத்திட்டார், நவம்பர் 1 முதல் விற்பனை இல்லை. இப்போது பிரபுக்கள் மாட்டிக்கொண்டார்கள்: மசோதாவை நிறைவேற்றாவிட்டால் அதிகாரிகளுக்கு இழப்பீடு கிடைக்காது. நிறைவேற்றினார்கள், கூடவே அரசைக் கண்டித்து ஒரு தீர்மானமும் போட்டார்கள்.

அதற்குப் பிறகு

மறுநாளே ஏழை வீட்டுப் பிள்ளைகள் அதிகாரிகள் ஆகிவிடவில்லை. சம்பளம் அப்படியேதான் இருந்தது. சீருடை, குதிரை, மெஸ் செலவு எல்லாம் கைக்காசு. குடும்பப் பணம் இல்லாமல் நல்ல ரெஜிமென்டில் காலம் தள்ள முடியாது. விலைப்பட்டியல் போனது, வாசலில் பணம் கேட்பது வேறு உருவத்தில் நெடுநாள் இருந்தது.

லாய்டு-லிண்ட்சே 1877 முதல் 1880 வரை போர் அமைச்சகத்தின் நிதிச் செயலாளராக இருந்தார். 1885-இல் வான்டேஜ் பிரபு என்ற பட்டத்தோடு மேல்சபைக்குப் போனார். 1891-இல் சாதாரணச் சிப்பாய்களின் சம்பளம், பணிக்காலம், நிலைமை பற்றி ஆராய அரசு அமைத்த குழுவுக்கு அவரே தலைவர். 1901-இல் இறந்தார். குழந்தைகள் இல்லாததால் பட்டம் அவரோடு முடிந்தது. சாகும்வரை தலைமை ஏற்றிருந்த அவருடைய சங்கம், 1905-இல் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கம் என்ற இப்போதைய பெயரைப் பெற்றது.